நத்தைக்குக் கணவாய் ஓடா, கோழித்தீன் கடைச் சிப்பித்தூளா?

வன்னியில் பிள்ளைகள் பெட்டியில் வைத்து வளர்ப்பது பெரும்பாலும் மாரி மழைக்கு வாழையடியில் ஏறி நிற்கும் ஆபிரிக்கப் பெருநத்தையைத்தான். வெள்ளரியும் கீரையும் போட்டால் நன்றாகத் தின்னும். ஆனால் சில மாதத்தில் ஓட்டின் வாய்விளிம்பு கடதாசி போல மெலிந்து, கை பட்டாலே பொரிந்து விழும். இரண்டு நத்தை ஒரே பெட்டியில் இருந்தால் ஒன்றின் முதுகோட்டை மற்றது அராவித் தின்னும். இரண்டும் சுண்ணச்சத்துக் குறைவின் அடையாளம். கேத்தலில் வெள்ளையாகப் படிகிற எங்கள் கிணற்றுத் தண்ணீரே போதும் என்று இருந்துவிட வேண்டாம், அது போதாது.

இங்கே கைக்கெட்டும் பொருட்களில் முதலிடம் கணவாய் ஓட்டுக்குத்தான். முல்லைத்தீவு, அளம்பில் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும். மீன் சந்தையில் கணவாய் வெட்டுகிறவர்களிடம் கேட்டால் சும்மா தருவார்கள். நாட்டு மருந்துக் கடையில் அதற்குப் பெயர் கடல் நுரை. ஒரு பக்கம் வழவழப்பாகக் கெட்டியாக இருக்கும், மறுபக்கம் நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிரும். அந்த மென்பக்கம் மேலே இருக்கும்படி பெட்டிக்குள் வையுங்கள். இரவில் நத்தை ஏறி அராவும்போது காது கொடுத்தால் சுரசுரவென்று சத்தம் கேட்கும், காலையில் மெல்லிய வரி வரியான கீறல் தெரியும். தேவையான அளவு தின்றபின் தானாகவே விட்டுவிடும். அளவுக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாதது இதன் பெரிய நன்மை.

குறை ஒன்று உண்டு: உப்பு. கரையில் பொறுக்கிய ஓட்டை அப்படியே வைத்தால் உப்பு நத்தையின் உடல்நீரை உறிஞ்சும், நுரை தள்ளும், சாகவும் கூடும். நல்ல தண்ணீரில் 3 நாள் ஊறவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு 10 நிமிடம் அவித்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் நுனியை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னும் ஒரு நாள் ஊறட்டும்.

கடற்கரைக்குத் தூரமான மாங்குளம், மல்லாவிப் பக்கத்தார் கோழித்தீன் கடையில் சிப்பித்தூள் வாங்கலாம். பொருள் நல்லதுதான், ஆனால் கோழியின் இரைப்பைக்காக உடைத்தது. அந்தப் பருமனை நத்தையால் அராவ முடியாது. தேத்தண்ணி வடியில் அரித்து, கீழே விழும் மாவை மட்டும் வெள்ளரித் துண்டின்மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். தூய சிப்பிதானா என்று கேட்டு வாங்குவது முக்கியம். கோழிக்கென்று கலந்த தாதுக்கலவையில் உப்பும் செம்புச் சேர்மங்களும் இருக்கும், செம்பு நத்தைக்கு நஞ்சு. அதே காரணத்துக்காக முட்டைக்கோழித் தீனையும் போடாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை எக்காரணம் கொண்டும் தொடவிட வேண்டாம், அதன் காரம் உடம்பை வேகவைத்துவிடும்.

இரண்டும் கிடைக்காவிட்டால் முட்டைக்கோது. உள்தோலை உரித்து, 10 நிமிடம் அவித்து, காயவைத்து அம்மியில் மாவாக அரைத்தால் சரி.

சுண்ணச்சத்து வைத்தும் ஓடு தேறாவிட்டால் தீனைப் பாருங்கள். பசளியையும் முளைக்கீரையையும் நாள்தோறும் போடும் வீடுகளில் இது நடக்கும். அவற்றிலுள்ள ஒட்சாலிக் அமிலம் சுண்ணச்சத்தைக் கட்டிவைத்துவிடும். பூசணி, பப்பாசி, வத்தாளங்கிழங்கு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். மருந்தடித்த தோட்டத்து இலை வேண்டவே வேண்டாம். புரதத்துக்கு வாரம் ஒருமுறை நகமளவு அவித்த முட்டையோ அவித்த பயறோ போதும், மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். கருவாடு கூடாது.

சோளகம் வீசும் மாதங்களில் நத்தை ஓட்டுக்குள் போய் வாயை வெள்ளைப் படலத்தால் மூடிக்கொள்ளும். அது நோயல்ல, வறட்சித் தூக்கம். படலத்தைக் கிழிக்காமல், தட்டில் அரை சென்ரிமீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு நத்தையை அதில் வையுங்கள். எழும்பியதும் தீனையும் கணவாய் ஓட்டையும் பக்கத்தில் வையுங்கள். பெட்டியின் அடியில் பரப்பும் தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) ஈரமாக இருக்கட்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது.

பிடித்த நத்தையில் எலியின் நுரையீரல் புழுவின் குடம்பி இருக்கலாம், அது மனிதருக்கு மூளையுறை அழற்சி தரும். தொட்ட பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். நத்தை ஒரு ஈட்டில் 100க்கு மேல் முட்டை இடக்கூடும். அவற்றை நசுக்கியே எறியுங்கள், வெளியே போனால் அயலவர் தோட்டம்தான் அழியும்.

கணவாய் ஓட்டில் பச்சைப் பூஞ்சணம் கண்டால் பெட்டியின் ஈரம் கூடிவிட்டது. ஓட்டைக் கழுவி மறுபடி வெயிலில் போட்டால் திரும்பவும் பாவிக்கலாம்.