கம்பஸ் சங்கங்களுக்கு நிதி சேர்த்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள்: எங்கள் 386,500 ரூபாய் போனது

386,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கிற வேறு சங்கத்துப் பொருளாளர் யாராவது இந்த நேரத்தில் அதே ஆட்களோடு கதைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் இப்போதே நிறுத்துங்கள். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் இளம் பொருளாளர், அதாவது மாணவர் தரப்புப் பொருளாளர். பொலிஸில் கொடுக்க முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறோம், அதனால் சங்கத்தின் பெயரையும் அந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே போடவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கார்ட் மூலம் நன்கொடை வாங்கி, அதை உள்ளூர் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிற ஒரு இணையத்தளம். நடந்ததை முழுக்க எழுதுகிறேன். இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்றும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் சங்கம் ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பரீட்சைக்கு முன்னால் வன்னிப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்தும். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். கேள்விகளை நாங்களே எடுப்போம், விரிவுரையாளர்கள் பார்த்துத் திருத்தித் தருவார்கள். அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று கொண்டுபோய், உண்மையான மண்டபம் மாதிரியே பிள்ளைகளை இருத்தி எழுதவைப்போம். விடைத்தாளைத் திருத்திப் புள்ளியும் அனுப்புவோம். ரியூசன் வசதி இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி ஒரு தாளில் 31 புள்ளி எடுத்து, இரவிரவாக அழுது, பிறகு எழும்பிப் படித்துத்தான் கம்பஸுக்கு வந்தேன்.

இந்த முறை 1,150 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு 270 ரூபாய் என்று அச்சகத்தில் பேசி முடித்தோம். அதுவே 310,500. வாகனம், உறை, மேற்பார்வைக்குப் போகிறவர்களின் சாப்பாடு எல்லாம் சேர்த்து 360,000 வேண்டும்.

வழக்கமாக இந்தக் காசை எப்படிச் சேர்ப்போம் என்று கம்பஸில் படித்த எல்லோருக்கும் தெரியும். மிதிவெடி என்கிற பொரித்த சிற்றுண்டியும் ரோல்ஸும் வாங்கி இடைவேளையில் விற்பது. ரீசேர்ட் அடிப்பது. மலர் போட்டு, பின்னட்டை இவ்வளவு, முழுப்பக்கம் இவ்வளவு, அரைப்பக்கம் இவ்வளவு என்று விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறுவது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு நாங்கள் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு செமஸ்டர் வரும். "முதலாளி இல்லை பிள்ளையள், திங்கக்கிழமை வாங்கோ." திங்கட்கிழமை போனால் 500 ரூபாய். அந்தக் கடைகளைக் குறை சொல்லவில்லை. விலைவாசி ஏறின பிறகு அவர்களிடமும் முன்னைப் போல இல்லை.

ஆனால் வெளிநாட்டில் எங்கள் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் தருவார்கள். சிக்கல் அந்தக் காசு இங்கே வந்து சேர்வதில்தான். கோஃபண்ட்மீ போன்ற பெரிய தளங்கள் இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்புவதில்லை. பேபாலில் இங்கிருந்து காசு கட்டலாம், ஆனால் எங்களைப் போன்றவர்கள் அதில் காசு வாங்கிக்கொள்ள வழியில்லாமல்தான் இவ்வளவு காலமும் இருந்தது. வங்கி மூலம் நேரே அனுப்பலாம்தான். ஆனால் இருபது முப்பது டொலர் தர நினைக்கிறவர் அதற்காக வங்கிக் கட்டணமும் கட்டி, படிவமும் நிரப்புவாரா? இந்த இடைவெளியில்தான் அந்த ஆட்கள் வந்து நின்றார்கள்.

வந்தவருக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பஸ் கன்ரீனில்தான் சந்தித்தோம். எல்லோருக்கும் பிளேன்ரீயும் வடையும் தன் காசில் வாங்கித் தந்தார். லப்டொப்பைத் திறந்து வேறு சங்கங்களின் பக்கங்களைக் காட்டினார். "ஒரு சதம் முற்பணம் வேண்டாம். காசு வந்தா நூற்றுக்கு அஞ்சு எங்களுக்கு, வராட்டி ஒண்டுமில்லை. முடிஞ்சு ஏழு வேலைநாளுக்குள்ள உங்கட கணக்கில விழும்" என்றார். எங்கள் செயலாளர் பதிவு இலக்கம் கேட்டாள். பையில் இருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஏன் தங்கச்சி, நான் தெளிவா ஸ்கான் பண்ணி வட்ஸ்அப்பில அனுப்பிவிடுறன்" என்றார். அது இன்றுவரை வரவில்லை.

நான் நம்பிய இடத்தையும் சொல்லவேண்டும். கதைத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு கோல் வந்தது. எங்கள் முன்னாலேயே எடுத்து, "அம்மா, நான் கம்பஸ் பிள்ளையளோட நிக்கிறன், வரப் பிந்தும், நீங்க சாப்பிட்டிட்டுப் படுங்கோ" என்றார். எனக்கு அந்தக் குரல் போதுமாக இருந்தது. இப்படிக் கதைக்கிற ஒருவர் ஏமாற்றமாட்டார் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். அதோடு, பக்கத்தை உருவாக்கிய கையோடு தானே 5,000 ரூபாய் போட்டார். எங்கள் கண் முன்னால் அந்தப் பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

முப்பது நாள். 41 பேர் தந்தார்கள். லண்டனில் ஒரு பழைய பட்ச் சேர்ந்து பெரிய தொகை போட்டது. கனடாவில் ஸ்காபரோவில் தாதியாக வேலை செய்கிற ஒரு அக்கா 50 டொலர் போட்டு, கீழே எழுதியிருந்தா: "நானும் உங்கட முன்னோடிப் பரீட்சை எழுதினனான். என்ர தாளில சிவப்புப் பேனையால 'இன்னும் முயற்சி செய்' எண்டு எழுதினவர் ஆரெண்டு தெரியாது. நன்றி." அதை வட்ஸ்அப் குழுவில் போட்டபோது எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. முடிவில் பக்கம் 379,000 என்று காட்டியது. அவர் போட்ட 5,000 உண்மைக் காசா வெறும் எண்ணா என்று இப்போது யாருக்குத் தெரியும், அதைக் கழித்துவிட்டேன். 374,000.

ஏழு வேலைநாள் முடிந்தது. காசு வரவில்லை. எட்டாம் நாள் அவருக்குக் கோல் எடுத்தேன். "நாளைக்கு விழும் தங்கச்சி." அடுத்த நாள், "போயா லீவெல்லோ." அதற்கடுத்த நாள் வங்கியில் சிஸ்டம் வேலை செய்யவில்லை. பிறகு கோப்பு கொழும்புக்குப் போய்விட்டது என்றார். கொழும்பு நம்பருக்கு எடுத்தால் ஒரு பெண் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னா. அனுப்பினால், 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று அதே வரி மூன்று தடவை வந்தது. இரண்டு கிழமை கழித்து அவரே கோல் எடுத்தார். வெளிநாட்டுக் காசு என்பதால் ஒரு சரிபார்ப்புக் கட்டணம் இருக்கிறதாம், 12,500 ரூபாய், அதைக் கட்டினால் இரண்டு நாளில் முழுக் காசும் விடுபடுமாம், கட்டணமும் திரும்பி வருமாம். அச்சகத்தில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிதிவெடி விற்ற காசில் இருந்து 12,500 எடுத்து, அவர் தந்த கணக்குக்குப் போனிலேயே அனுப்பினேன். உடனே போய்ச் சேர்ந்துவிட்டது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில். 374,000 அப்படி 386,500 ஆனது.

அதன் பிறகு நீலச் சரி விழும், பதில் வராது. கடைசியாக வந்த ஒரே செய்தி: "நீங்கள் நிபந்தனைகளை வாசிக்கவில்லையா?" தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், 14ஆம் பந்தியில், சரிபார்ப்பு முடியும்வரை காசை எவ்வளவு காலமும் தாங்கள் வைத்திருக்கலாம் என்று இருக்கிறது. எங்களில் ஒருவரும் அதை வாசிக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் நானும் செயலாளரும் மோட்டார்சைக்கிளில் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனோம். டவுனில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி. கதவில் பெரிய பூட்டு. கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயர்ப்பலகைத் தாளைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், மூலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம். கீழே தையல் கடை வைத்திருக்கிற அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தா. "அவை போன மாசமே போட்டினம் பிள்ளையள். உங்களைப் போல இன்னும் ரெண்டு கூட்டம் தேடி வந்தது." போன மாதம் என்றால் என்னிடம் அந்த 12,500 கேட்கும்போதே இந்தக் கதவு பூட்டியிருக்கிறது. படியில் அப்படியே இருந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

எங்கள் பெரும்பொருளாளர் ஒரு விரிவுரையாளர். அவரிடம் போய்ச் சொன்னபோது ஏசவில்லை. "என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே பிள்ளை" என்றார். அவ்வளவுதான். சங்கக் கணக்குக்கு அவருடைய கையெழுத்தும் வேண்டும். கடிதம் எழுதி, அனுமதி எடுத்து, அவர் இருக்கிற நேரம் பார்த்துப் போய் நிற்க இரண்டு கிழமை ஆகும் என்று அந்த வழியை நாங்கள் சுற்றிப் போனோம். அந்த நடைமுறை எதற்காக இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

அச்சக ஐயா பேப்பர் எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார். போய் உண்மையைச் சொன்னோம். றீம் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நான் அடிச்சுத் தாறன், தைக்குள்ள தந்து முடியுங்கோ" என்றார். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். இந்த மாத மகாபொலப் புலமைப்பரிசுக் காசை எல்லோரும் எடுத்து முதல் தவணையாக அவரிடம் கொடுத்திருக்கிறோம். பரீட்சை நடக்கும், அதில் மாற்றமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு என்று சேர்ந்த 386,500 ரூபாய் யாரோ ஒருவனின் கணக்கில் இருக்கிறதே, அதை நினைத்தால் சாப்பாடு இறங்குதில்லை. எங்களைப் பேய்க்காட்டியதைக்கூட விடலாம். அந்த அக்கா இரவு வேலை செய்து உழைத்த காசு.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது தலை வேலை செய்யவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எந்த நிறுவனம் வந்தாலும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், சான்றிதழை நீங்களே படம் எடுங்கள். காசு சங்கக் கணக்குக்கு மட்டும்தான் வரவேண்டும், பெரும்பொருளாளருக்குத் தெரியாமல் ஒன்றும் வேண்டாம். உங்கள் காசை விடுவிக்க உங்களிடமே காசு கேட்டால் அது சுத்துமாத்து, கட்டாதீர்கள். ஏற்கனவே மாட்டியவர்கள் பொலிஸுக்குப் போங்கள், நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கோல் எடுங்கள். கார்ட்டில் நன்கொடை தந்தவர்கள் தங்கள் வங்கியிடம் அந்தக் கொடுப்பனவை மறுத்துத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்குக் கால எல்லை உண்டு, பொதுவாக 120 நாள். அதனால் தந்தவர்களிடம் மறைக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். வேறு சங்கங்களும் ஏமாந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்து கொடுக்கலாம்.

நாளை காலை ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலையம். அதற்கு முன்னால் அந்த 41 பேருக்கும் தனித்தனியாக எழுதவேண்டும். இதுவரை 17 பேருக்கு எழுதிவிட்டேன். ஸ்காபரோ அக்காவுக்கு இன்னும் எழுதவில்லை.