பழக்கிய காவல் நாயை வீட்டுக்கு வாங்குவோர் கவனத்திற்கு

பம்புசெட் மோட்டாரும் தாமிரக் கம்பியும் களவு போகும் என்ற பயத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் காவலுக்கு நாய் தேடுவோர் பலர். எங்கள் வீட்டிற்கும் அப்படித்தான் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் வந்தது. ஒன்றரை வயது, முழுப் பயிற்சி முடிந்தது, பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும் என்று உறுதி சொல்லி, குட்டியின் விலையைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டார் விற்றவர்.

அவர் முன்னிலையில் எல்லாவற்றிற்கும் பணிந்த நாய், அவருடைய வண்டி தெருமுனை தாண்டியதும் எங்கள் சொல் எதையும் காதில் வாங்கவில்லை. வரப்பு அண்டை வெட்ட வந்த பெரியவர் தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கிய நொடியில் பாய்ந்து முன்கையைக் கவ்வியது. "விடு, விடு" என்று நாங்கள் கத்தக் கத்தப் பிடி இறுகியதே தவிரத் தளரவில்லை. அடித்துப் பழக்கிய நாய்க்கு ஓங்கிய கை எல்லாமே தாக்க வரும் கைதான். விருந்தாளி, வேலையாள் என்ற வேறுபாட்டை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்கினோம். விற்றவர் தந்த தடுப்பூசி அட்டையிலோ மருத்துவர் கையொப்பம்கூட இல்லை.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கோரைப் பற்களின் பின்புறம் தேய்ந்திருந்தது. கூண்டுக் கம்பியை ஓயாமல் கடிக்கும் நாய்களுக்கு அப்படித் தேயும் என்றும், வயது நான்குக்குக் குறையாது என்றும் சொன்னார். விசாரித்ததில், ஓர் அரிசி ஆலையில் இரவுக் காவலுக்கு இருந்து, அங்கும் ஆளைக் கடித்ததால் திருப்பி அனுப்பப்பட்டது என்று தெரிந்தது. (பாவம், நாயைக் குறை சொல்லிப் பயனில்லை.) பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உங்களுக்கு நாய் வளர்க்கத் தெரியவில்லை" என்று போனை வைத்தவர், அதன்பின் எடுக்கவேயில்லை.

2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றை முதலில் கேளுங்கள். வாங்கிய பிறகு கவனக்குறைவால் நாய் யாரையேனும் கடித்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வைத்திருப்பவருக்கு விதிக்கப்படலாம். பயிற்சியாளரைக் கண்ணில் படாத தொலைவில் நிற்கச் சொல்லிவிட்டு, நாய் உங்கள் சொல்லுக்கு அடங்குகிறதா என்று பல நாள் பாருங்கள். அதற்கு அவர் இணங்காவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.