நாவலைப் பொறுமையாக, மார்க்கத்தை அவசரமாக: ஒரு வாசிப்பு வட்டம்

மாணவர்களே நடத்தும் வட்டம் இது. பருவத்துக்கு ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இந்தப் பருவத்தின் பொருள் இஸ்லாமும் சர்ச்சைக்குள்ளான புனைவும். முதல் மூன்று அமர்வு எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸின் ‘அவ்லாத் ஹாரத்தினா’ (எங்கள் சந்தின் பிள்ளைகள்) நாவலுக்கு, மீதி மூன்று சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானின் வசனங்கள்’ நாவலுக்கு. (தலைப்பில் வரும் Verses என்பதைக் கவிதைகள் என்று பெயர்த்தால் விஷயமே போச்சு, இங்கே வசனம் என்பது குர்ஆன் வசனம்.)

இந்த வரிசைக்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். ருஷ்டியில் தொடங்கினால் பேச்சு 1989 பிப்ரவரி 14-ல், ஈரான் தலைவர் கொமெய்னி ருஷ்டியைக் கொல்லச் சொன்ன ஃபத்வாவில் போய் நின்றுவிடும். புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள். மஹ்ஃபூஸின் நாவல் 1959-ல் அல் அஹ்ராம் நாளிதழில் தொடராக வந்தது. கெய்ரோவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகமான அல் அஸ்ஹரின் அறிஞர்கள் எதிர்த்ததால் எகிப்தில் அப்போது நூலாகவில்லை. 1967-ல் பெய்ரூட்டில் அச்சானது. மேலோட்டமாகப் பார்த்தால் கெய்ரோவின் ஒரு சந்தில் நடக்கும் குடும்பச் சண்டை. ஜபல், ரிஃபாஆ, காசிம் மூவரும் மூசா (மோசே), ஈசா (இயேசு), முஹம்மது நபிகளின் சாயல் என்பது போகப்போகப் பிடிபடும். பெயரை மாற்றிவிட்டால் குற்றம் போய்விடுமா என்ற கேள்வியைச் சூடு ஏறுவதற்கு முன்பே இந்த நாவலை வைத்துப் பேசிவிட முடிகிறது.

நடைமுறை வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் பிலிப் ஸ்டூவர்ட், பீட்டர் தெரூ என இரண்டு மொழிபெயர்ப்புகள் புழங்குகின்றன. பக்க எண் ஒத்துப்போகாது. ஆனால் நாவலில் 114 சின்னச் சின்ன அத்தியாயங்கள், குர்ஆனின் சூராக்களை (அத்தியாயங்களை)ப் போலவே. எண்ணைச் சொன்னால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். ருஷ்டியிடம் இது நடக்காது. மொத்தமே ஒன்பது பகுதிதான், பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். தேடுவதிலேயே கால் மணி நேரம் கரைகிறது. பகுதி எண்ணோடு பத்தியின் முதல் நான்கு சொல்லையும் குறித்து வரச் சொன்னால் தீர்ந்துவிடும், இன்னும் செய்யவில்லை.

வட்டத்தின் உயிர் கேள்விச் சீட்டுதான். கேள்வி கேட்பவர் நாவலில் எந்த இடம் என்பதைக் குறித்து ஒரு துண்டுத்தாளில் எழுதித் தர வேண்டும். இடம் இல்லாத சீட்டு தனிப் பெட்டிக்குப் போகும், கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வெளியே வரும். “நபியைக் கேலி செய்கிறார்” என்று ஒரு சீட்டு வந்தால் நெறியாளர் மூன்றே கேள்வி கேட்கிறார்: பேசுவது யார், யாருடைய கனவில், பழைய நூல்களில் இதற்கு என்ன ஆதாரம்? ருஷ்டி நாவலின் ஆறாம் பகுதியில் விலைமாதர்கள் நபியின் மனைவியரின் பெயர்களைச் சூட்டிக்கொள்ளும் இடம் நாவலின் நாயகர்களில் ஒருவனான ஜிப்ரீல் ஃபரிஷ்தாவின் கனவில் வருகிறது. கனவுதானே என்று கைகழுவ இங்கே விடுவதில்லை. அந்தக் கனவில் நபிப் பாத்திரத்தின் பெயரான மஹவுண்ட் என்பது இடைக்கால ஐரோப்பா நபிக்கு வைத்த வசைப்பெயர். அதைத் தெரிந்தேதானே ஆசிரியர் எடுத்தார் என்ற மறுகேள்வி உடனே வருகிறது. இது நல்ல பழக்கம்.

சறுக்குவது மூன்றாவது கேள்வியில். 53-ஆம் சூரா நஜ்ம், வசனம் 19 முதல் 23 வரை வாசிக்கிறார்கள். அதோடு சேர்த்துச் சொல்லப்படும் சாத்தானின் குறுக்கீட்டுக் கதை (மக்காவின் பெண் தெய்வங்களைப் புகழும் வரிகளைச் சாத்தான் நபியின் நாவில் நுழைத்தான் என்பது) பழைய வரலாற்றாசிரியர் தபரியின் நூலில் இருக்கிறது, புகாரி, முஸ்லிம் எனும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் இல்லை, அறிவிப்பாளர் வரிசை (அதைச் சொல்லிச் சொல்லிக் கடத்தியவர்களின் தொடர்) பலவீனம் என்று பல அறிஞர்கள் தள்ளியிருக்கிறார்கள். குர்ஆன், ஹதீஸ், வரலாற்று நூல் மூன்றும் ஒரே தரத்து ஆதாரமல்ல என்பதை முதல் அமர்விலேயே அரைப் பக்கத் தாளாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் ஐந்தாம் அமர்வில் எல்லாம் குழம்புகிறது. ஃபத்வா என்றால் மரண தண்டனை என்று கடைசிவரை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது மார்க்கத் தீர்ப்புரை, வட்டிக்கும் நோன்புக்கும்கூட வரும்.

இன்னொரு குறை இதைவிட மோசம். சந்தேகம் வந்ததும் எல்லாக் கண்ணும் அறையில் இருக்கும் முஸ்லிம் மாணவர் பக்கம் திரும்புகிறது. அவர் நாவல் படிக்க வந்தவர், மார்க்கத்தின் வக்கீல் அல்ல. இஸ்லாமிய வரலாறு படித்த ஒருவரை இரண்டாம் நெறியாளராக வைத்தால் இந்தச் சுமை இறங்கும். மாலை ஆறு என்று நேரத்தை நிலையாக வைத்திருப்பதும் யோசிக்காத வேலை: சூரிய அஸ்தமனம் நாளுக்கு நாள் நகர்வதால், சில வாரங்களில் விவாதம் சூடாகும் நேரத்தில் மஃரிப் (மாலைத் தொழுகை) வந்துவிடுகிறது. யார் எழுந்து போனாலும் கோபித்துக்கொண்டு போனதுபோல் ஆகிறது. அந்த நேரத்தையே இடைவேளையாக வைத்தால் முடிந்தது.

கைப்பேசிப் பதிவுக்குத் தடை உண்டு; கண்டிப்பாகவே நடத்துகிறார்கள். சேர நினைப்பவர்கள் நான்காம் அமர்வுக்கு முன் ருஷ்டியை முழுதாக முடித்துவிடுங்கள். சர்ச்சைப் பக்கங்களை மட்டும் நகலெடுத்து வந்தவர்களுடைய சீட்டுகள்தான் தனிப் பெட்டியில் நிறைகின்றன.