கட்டுப் போட்டு ஆடுவதா, கம்பியை விடுவதா: மேசைக் கால்பந்தும் மணிக்கட்டு வலியும்

அலுவலகங்களிலும் மாணவர் விடுதிகளிலும் ஃபூஸ்பால் என்ற பெயரில் வந்து சேர்ந்திருக்கும் மேசைக் கால்பந்து, பார்ப்பவர்களுக்கு உடலை வருத்தாத ஆட்டமாகத் தோன்றும். வழக்கமான மேசையில் ஒரு பக்கத்துக்கு 4 கம்பிகள் இருக்கும். கோல் காவலர் 1, தடுப்பில் 2, நடுவரிசையில் 5, தாக்கும் வரிசையில் 3 என 11 பொம்மைகளை அந்தக் கம்பிகள் தாங்கியிருக்கும். ஓட்டமும் குதிப்பும் இல்லாத இந்த ஆட்டத்தில் கம்பியை இழுப்பதையும் தள்ளுவதையும் முன்கை பார்த்துக்கொள்கிறது. பந்தை அடிக்கும் அந்தக் கணநேரத் திருப்பமோ பெரும்பாலும் மணிக்கட்டின் வேலை. அதே கணத்தில் கைப்பிடி நழுவிவிடாதபடி கட்டைவிரல் இறுகப் பற்றியிருக்க வேண்டும். ஒரே அசைவு அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நிகழும்போது, எலும்போடு தசையை இணைக்கும் தசைநாண்களும் அவற்றைச் சுற்றியுள்ள உறைகளும் உராய்ந்து தடிக்கத் தொடங்குகின்றன.

நான் மதுரை இலந்தைகுளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காப் பக்கம் கணக்கு வேலை பார்ப்பவன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும் என்று ஒரு கோடையில் ஆடத் தொடங்கினேன். மூன்றாம் மாதத்தில் வலக்கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. உடன் ஆடும் அண்ணன் ஒருவர், “கட்டைப் போட்டுக்கிட்டு ஆடு தம்பி, போகப் போகப் பழகிரும்” என்றார். வீட்டில் அத்தை நொச்சி இலையை வதக்கத் தொடங்கிவிட்டார். மருந்துக் கடையில் விவரம் கேட்காமலேயே மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்றாலும், மூன்று வழிகளும் ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல என்பதையும், எது பொருந்தும் என்பது வலி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதையும் நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டின் ஓரமாக வலித்தால், அது பெரும்பாலும் கட்டைவிரலை விரித்து நீட்டும் இரண்டு தசைநாண்களின் உறையில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கும். சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் 1895-இல் இதை விவரித்ததால் இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தால் அந்த ஓரத்தில் சுரீரென்று இழுக்கும். நல்ல கையிலும் இந்த அசைவு ஓரளவு இழுக்கவே செய்யும் என்பதால் இரண்டு கைகளிலும் செய்து பார்த்து, வேறுபாட்டைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். புறங்கைப் பக்கம் வலித்தால் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைநாண்கள் களைத்திருக்கின்றன என்று கொள்ளலாம். சுண்டுவிரல் பக்கம், கதவின் குமிழைத் திருகும்போது சொடுக்கும் ஓசையோடு வலித்தால், அங்குள்ள குருத்தெலும்பையும் மருத்துவர் சோதிக்க வேண்டியிருக்கும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் உறக்கம் கலைந்தால், அது தசைநாண் வலியாக இல்லாமல் மணிக்கட்டின் குறுகிய பாதையில் நரம்பு நசுங்குவதாக இருக்கக்கூடும்.

இவற்றுக்கு அப்பால் ஒரு நிலையில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. கையை ஊன்றி விழுந்த பிறகோ கம்பியின் முனை ஓங்கி இடித்த பிறகோ, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில் அழுத்தினால் வலித்தால், அங்குள்ள சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமல் போவதும் உண்டு. அந்த நிலையில் தைலமும் ஒத்தடமும் காலத்தை வீணாக்குபவையே. கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கோ, பக்கத்தில் உள்ள எலும்பு மருத்துவரிடமோ அன்றைக்கே போய்விட வேண்டும்.

இப்போது முதல் போட்டிக்கு வருவோம்: முழு ஓய்வா, கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடுவதா? அண்ணன் சொன்ன இரண்டாம் வழியை நான் மூன்று வாரங்கள் பின்பற்றினேன். மணிக்கட்டைச் சுற்றிய மீள்துணிப் பட்டை வெதுவெதுப்பாக இருந்தது, வலியும் சற்று மங்கியது. ஆனால் அந்தப் பட்டை கட்டைவிரலை ஒரு சிறிதும் தடுக்கவில்லை, ஆகவே உறையில் உராய்வு முன்போலவே தொடர்ந்தது. வலி மங்கியதால் கூடுதல் நேரம் ஆடினேன் என்பதுதான் அந்தப் பட்டை எனக்குச் செய்த கெடுதல். மறுபுறம், கையை அசைக்காமல் பல வாரங்கள் வைத்திருப்பதும் தீர்வாகாது, ஏனெனில் சுமையே படாத தசைநாண் வலுவிழக்கும், மூட்டும் இறுகிவிடும். என் முடிவு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: மேசையை இரண்டு மூன்று வாரங்கள் முழுமையாக விட்டுவிட வேண்டும், ஆனால் வலிக்காத அளவுக்கு அன்றாட வேலைகளைக் கையால் செய்துகொண்டே இருக்க வேண்டும். தட்டச்சு செய்பவர்கள் அந்த நாட்களில் மவுஸை மறு கைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பகலெல்லாம் அதே மணிக்கட்டை வருத்திவிட்டு ஆட்டத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

கட்டு என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறோம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மீள்துணிப் பட்டை வீக்கத்தைச் சற்று அடக்கும், அவ்வளவுதான். உள்ளங்கைப் பக்கம் தகடு வைத்த ஸ்பிளிண்ட் மணிக்கட்டை நேராக நிறுத்தும், ஆனால் கட்டைவிரலை விட்டுவிடும். இரவில் விரல்கள் மரத்துப்போகிறவர்களுக்கு இதுவே பொருத்தமானது, அதையும் உறங்கும்போது அணிவதில்தான் பயன் அதிகம். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றாம் வகை, கட்டைவிரல் பக்கத்து வலிக்கு உரியது. மருந்துக் கடையில் “மணிக்கட்டுக்கு ஒரு கட்டு குடுங்க” என்று மட்டும் கேட்டால் முதல் இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் கைக்கு வரும். கட்டைவிரலுக்கும் தகடு உள்ளதா என்று கேட்டு, போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். நம் வெயிலில் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகிவிடும் என்பதால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றிக்கொள்வதும், பகலில் சில முறை கழற்றி விரல்களை அசைப்பதும் அவசியம்.

பனிக்கட்டியா, சூட்டு ஒத்தடமா என்ற விவாதம் நம் வீடுகளில் நெடுங்காலமாக நடக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டி காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தாமே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகவே பனிக்கட்டியைக் குணமாக்கும் மருந்தாக எண்ணாமல், வலியைத் தணிக்கும் வழியாக மட்டும் கொள்ளலாம்: ஆட்டம் முடிந்த அன்று வீங்கிச் சூடாக இருக்கும் கைக்கு, துணியில் சுற்றி 10 நிமிடம் போதும். பல வாரங்களாக இறுகிக் கிடக்கும் கைக்குச் சூடே இதமானது. அத்தையின் நொச்சி ஒத்தடத்தை இங்கே நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். வதக்கிய இலையைத் துணியில் முடிந்து ஒற்றும்போது பரவும் வெதுவெதுப்பு, காலையில் விறைத்திருக்கும் மணிக்கட்டைத் தளர்த்துகிறது. வீக்கம் புதிதாக இருக்கும்போது மட்டும் அதைத் தள்ளிப்போட வேண்டும். எண்ணெயை ஊற்றி அழுத்தித் தேய்ப்பது வேறு விஷயம்: அழற்சியுள்ள உறையின் மேல் கட்டைவிரலால் அழுத்தி உருவுவது மேலும் ஒரு உராய்வே.

மருந்துகளில் மாத்திரையைவிட மேற்பூச்சை நான் முதலில் வைக்கிறேன். மணிக்கட்டின் தசைநாண்கள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால் டைக்ளோஃபெனாக் ஜெல் அங்கே சென்று சேர்கிறது, இரத்தத்தில் கலப்பதோ மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகச் சிறு பங்குதான். அதே வகை மாத்திரை வேகமாக வேலை செய்யும், ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தொடும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். ஐப்பசி மழைக்குப் பின் நம் தெருக்களில் டெங்கு பரவும் நாட்களில் காய்ச்சலும் கைவலியும் சேர்ந்து வந்தால், இரத்தக் கசிவைக் கூட்டும் ஆபத்து இருப்பதால் இவ்வகை வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இவ்வளவும் வலி வந்த பிறகு செய்பவை. அதிகம் பேசப்படாதது மேசையும் பிடியும்தான், எனக்கு உண்மையில் மாற்றத்தைத் தந்ததும் அவையே. எங்கள் மேசையின் கம்பிகள் துருவும் தூசியும் ஏறிக் கனத்திருந்தன. யாரோ நல்லெண்ணத்தில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். அது சில நாள் வழுக்கிவிட்டு, பிறகு தூசியைப் பிசினாகச் சேர்த்துக்கொண்டது. அதைத் துடைத்தெடுத்து, கம்பி மேசைச் சுவருக்குள் நுழையும் இடத்தில் சிலிக்கோன் எண்ணெய் சில துளிகள் விட்டதும், முன்பு தோளிலிருந்து இழுக்க வேண்டியிருந்த கம்பி இரண்டு விரலால் நகர்ந்தது. கைப்பிடியும் அப்படித்தான்: மெலிந்த வழவழப்பான பிளாஸ்டிக் கைப்பிடி, கை வியர்க்கும் சித்திரை மாதத்தில் நழுவும், நழுவும் பொருளை நாம் அறியாமலேயே இரு மடங்கு இறுக்கிப் பிடிப்போம். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் பேட்மின்டன் மட்டையின் கிரிப்பை அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் பருமனும் கூடும், வியர்வையையும் உறிஞ்சும். விலை உயர்ந்த கட்டையும் இந்தச் சிறிய நாடாவையும் அருகருகே வைத்தால் நான் நாடாவையே முதலில் வாங்கச் சொல்வேன்.

அடிக்கும் முறையிலும் தேர்வு உண்டு. கைப்பிடியை மூடிய கையால் பற்றி, பந்தைப் பக்கவாட்டில் இழுத்து அடிக்கும் புல் ஷாட், கட்டைவிரலை மிகவும் வருத்துவது. ஸ்னேக் ஷாட்டில் திறந்த கையின் அடிப்பகுதியைக் கைப்பிடியில் வைத்து உருட்டி அடிக்கிறோம். பிடிப்பே இல்லாததால் கட்டைவிரலுக்கு நிம்மதி, ஆனால் மணிக்கட்டின் உட்பக்கம் கைப்பிடியில் அழுந்துகிறது. ஆகவே கட்டைவிரல் பக்கம் வலிப்பவர் ஸ்னேக்கைப் பழகலாம், விரல் மரத்துப்போகிறவர் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கணிப்பு. கம்பியைக் காற்றாடிபோல் சுழற்றி விடுவது போட்டி விதிகளிலேயே தடுக்கப்பட்டது. இருவர் இருவராக ஆடும்போது இடக்கையில் வலி உள்ளவர் பின்வரிசைக்கு மாறிக்கொள்வதும் உதவும், ஏனென்றால் கோல் காவலரை இயக்கும் இடக்கைக்கு அடிப்பதைவிடத் தடுப்பதே வேலை.

ஆறு வாரங்களுக்குப் பின்னும் வலி குறையாதவர்களுக்குப் பயிற்சியும் ஊசியும் எதிரெதிராக நிற்கின்றன. கட்டைவிரல் பக்கத்து நோயில் உறைக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு விரைவாகப் பலன் தருவது உண்மை. ஆனால் ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துவிடலாம், நம் போன்ற கருநிறத் தோலில் அது தெளிவாகத் தெரியும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். பயிற்சி மெதுவானது. பிசியோதெரபிஸ்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தது எளிய முறை: அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து, முன்கையை மேசையில் வைத்து, மறு கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, பிறகு வலக்கையால் மட்டும் மிக மெதுவாக இறக்குவது. முதல் வாரம் புட்டியைப் பாதி நிரப்பித்தான் செய்தேன். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும், வலியால் உறக்கம் கெடுபவர்களுக்கும் ஊசியே இரக்கமான வழியாக இருக்கலாம். ஆட்டத்துக்காக மட்டும் அவசரப்படுபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மேசைக்குத் திரும்பும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதைவிட ஈரத் துண்டைப் பிழிந்து பார்த்து முடிவு செய்யலாம். இரண்டு திசையிலும் முறுக்கிப் பிழிந்தும் மறுநாள் காலை வலி இல்லையென்றால் 10 நிமிடம் ஆடலாம், அதற்கடுத்த நாளும் கை அமைதியாக இருந்தால் 15 நிமிடம். நான் இப்போது 20 நிமிடத்தில் நிற்கிறேன். மாலை ஆட்டத்தை நிறுத்திவிட்டு மதிய ஆட்டத்தை மட்டும் வைத்திருக்கிறேன்.