கடைக்கு எந்தப் போன்: பழைய பெட்டியா, இணையத் தொலைபேசியா?

சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு லோரி, டிராக்டர் உதிரிபாகக் கடை. சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் கிராணிகளோடு பாதி வியாபாரம் போனிலேயே முடிந்துவிடும். போன வருஷம் பிஏபிஎக்ஸ் பெட்டியை, அதாவது வெளி அழைப்புகளைக் கடைக்குள் இருக்கும் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, கழற்றிவிட்டு இணையத் தொலைபேசிக்கு மாறினோம்.

செலவு குறைகிறது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாட்ஸ்அப் போதாதா என்று கேட்கலாம். போதும், பையன் வேலையை விட்டுப் போகும்வரை. அவன் கைப்பேசியோடு வாடிக்கையாளரும் போய்விடுவார்.

எங்களை மாற வைத்தது மின்னல். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலையானால் இங்கே இடிமழைதான். செம்புக் கம்பி வழியாக மின்னல் இறங்கினால் பெட்டிக்குள் வெளிக் கம்பியை இணைக்கும் லைன் கார்டு கருகிவிடும். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கருகியது. ஈப்போவிலிருந்து ஆள் வர வேண்டும்; வந்தாலும், "இது பழைய மாடல், பாஸ், தேடிப் பார்க்கணும்" என்பார். அவர் தேடி முடிக்கும்வரை கல்லாவில் ஒரே ஒரு போன். அந்த நாட்களில் எத்தனை ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போயிற்றோ.

இப்போது கடையில் பெட்டியே இல்லை. எந்த அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் சேவை தருபவரின் சர்வரில் இருக்கிறது. இப்போது இணையம் வரும் கண்ணாடி இழையில் (ஃபைபர்) மின்சாரம் ஓடாது, ஆகவே லைன் வழியாக மின்னல் வராது. கரண்ட் கம்பி வழியாக வரும், ஒரு தடவை வந்து ரவுட்டரைத் தின்றுவிட்டது. டவுனிலேயே வேறொன்று வாங்கி அன்று மாலையே மாட்டினோம். அதுவரை கைப்பேசிச் செயலியில் கடை எண்ணிலேயே பேசினோம்.

பழையது ஜெயிக்கும் இடமும் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து 48 வோல்ட் கம்பியிலேயே வருவதால், கரண்ட் போனாலும் சாதாரணப் போன் பேசும். புதியதற்கு மோடம், ரவுட்டர் இரண்டுக்கும் யூபிஎஸ் வைத்தே ஆக வேண்டும். அப்புறம், ஓர் அழைப்புக்குப் போக 90, வர 90 கிலோபிட் அளவுதான் தேவை. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் போக, வர ஒவ்வொன்றும் அரை மெகாபிட்டைத் தாண்டாது. ஆனாலும் முதல் வாரம் குரல் வெட்டி வெட்டி வந்தது. கடைக் கேமரா பதிவுகள் இணையத்தில் ஏறும்போது குரலை நெருக்கியிருக்கின்றன. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

எண் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இணையத் தொலைபேசிக்கென்றே உள்ள 015 எண்ணிலிருந்து கூப்பிட்டால் மோசடிக்காரன் என்று கிராணிகள் எடுப்பதே இல்லை. லோரிக் கதவுகளில் எழுதியிருக்கும் பழைய 05 எண்ணை, பேராக் வட்டார எண்ணை, அதனால்தான் விடவில்லை.

எங்களுக்கு நான்கு இணைப்புதான்; நாற்பது இணைப்பு உள்ள இடத்தில் கணக்கு வேறாக இருக்கலாம். தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் சின்னக் கிளைக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. கைப்பேசி டேட்டாவில் ஓட்டிப் பார்த்தோம். காலையில் பரவாயில்லை, மழை பிடித்தால் "ஹலோ, ஹலோ" தான். அங்கே பழைய கம்பி இணைப்பை இன்னும் வெட்டவில்லை.