கீழக்கரை டீக்கடையில் மாம்போ

டீக்கு ஐந்துக்கு மூன்று, தொதல் என்ற அல்வா மாதிரி இனிப்புக்கு நாலு, பாட்டுக்கு முழு ஐந்து. கீழக்கரையில் கடற்கரைப் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. மஃரிபு (அந்தி நேர) தொழுகை முடிந்த பிறகு போங்க, முன்னால் போனால் வெறும் டீதான், அந்த டீக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கடைக்கார காக்கா (இந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கப்பலில் வேலை பார்த்தவர். அவர் போடுவதெல்லாம் நியூயார்க் பல்லேடியம் நடன அரங்கம் கொடிகட்டிப் பறந்த காலத்து மாம்போ, அதாவது கியூபாவில் பிறந்த ஆட்டப் பாட்டு: மச்சிட்டோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரொட்ரிகஸ் என்று அந்தக் காலத்து இசைக்குழுத் தலைவர்கள். பிராட்வேயும் 53ஆம் தெருவும் சேரும் மூலையில், மாடியில் இருந்த அரங்கம் அது. 1940களின் கடைசியில் லத்தீன் இசைக்குழுக்களைக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் அங்கே கூட்டம் நெரிந்தது. புதன்கிழமை ராத்திரி 'கில்லர் ஜோ' பைரோ மாம்போ சொல்லிக்கொடுப்பார். போர்ட்டோரிக்கர், கறுப்பர், யூதர், இத்தாலியர் என்று எல்லாரும் ஒரே தரையில் ஆடினார்கள், அமெரிக்காவில் பல இடங்களில் தோல் நிறம் பார்த்து ஆளை உள்ளே விட்ட காலத்தில். "அங்க ஆடத் தெரியுமான்னு மட்டுந்தான் பாப்பாங்க தம்பி" என்றார் காக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. விளம்பரத்தில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்று இரண்டு டிட்டோக்களுக்கும் நடந்த போட்டியைக் கேளுங்க, நம்ம ஊர் போஸ்டர் சண்டையெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும்.

இடது ஸ்பீக்கர் பக்கத்து பெஞ்சில் உட்காருங்க. வலது ஸ்பீக்கரில் பாஸ் கர்ர்ரென்று கிழிகிறது, உப்புக்காற்று தின்றிருக்கும், மாற்றச் சொன்னால் சிரிக்கிறார். புவெந்தே தன் டிம்பாலிஸ் மேளத்தைப் பின்வரிசையிலிருந்து மேடையின் முன்னால் கொண்டுவந்து நின்றபடி அடித்தவர். அந்தத் தகர உடம்பில் குச்சி விழும் சத்தம் இடது பக்கம் அவ்வளவு துல்லியம். 1958இல் வந்த அவருடைய 'டான்ஸ் மேனியா' ஆல்பம் ஓடும்போது மீன் ஏலம் முடித்து வந்தவர்கள்கூட பெஞ்சில் தாளம் போடுகிறார்கள்.

1961இல் மது உரிமம் போய், 1966இல் பல்லேடியத்தை மூடியே விட்டார்கள். காக்காவின் பாட்டும் அதோடு நிற்கிறது. மாம்போவுக்குப் பிறகு வந்த சல்சா இசையைக் கேட்டேன், "அது வேற கடை" என்றுவிட்டார். பிடிவாதம்தான், ஆனால் இந்த வரிசை கெடாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

வெள்ளிக்கிழமை கடை கிடையாது. ஜிபே இல்லை, சில்லறை கொண்டு போங்க. தொதல் எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.