இன்சென்டீஸ்: குதிகாலில் மூன்று புள்ளிகள்

2010-ல் வந்த கனடா நாட்டுப் படம், இயக்கம் டெனி வில்நோவ். வஜ்தி முவாவாத்தின் மேடை நாடகம்தான் மூலம். சுமார் 2 மணி 10 நிமிடம் ஓடுகிறது. சப்டைட்டிலோடுதான் பார்க்க வேண்டும். பிரெஞ்சு பேசும் மகளுக்கு அம்மாவின் அரபி தெரியாது. டப்பிங்கில் அந்த இடைவெளியே காணாமல் போய்விடும்.

மான்ட்ரியலில் நவால் மர்வான் இறந்துபோகிறாள். இரட்டைப் பிள்ளைகள் ழானுக்கும் சிமோனுக்கும் உயிலோடு இரண்டு கவர்கள் வருகின்றன: செத்துப்போனதாக நம்பிய அப்பாவுக்கு ஒன்று, இருப்பதே தெரியாத சகோதரனுக்கு ஒன்று. இரண்டும் போய்ச் சேரும்வரை தன்னைச் சவப்பெட்டியில்லாமல், முகம் கீழே இருக்கும்படி புதைக்க வேண்டும், கல்லறையில் பெயர் கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. ழான் அம்மா பிறந்த நாட்டுக்குப் புறப்படுகிறாள்.

படத்தில் அந்த நாட்டுக்குப் பெயர் இல்லை. ஜோர்டானில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் லெபனான் உள்நாட்டுப் போர் தெரிந்தவர்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் காட்சி, போருக்குப் பொறி வைத்த 1975 ஏப்ரல் 13 பெய்ரூட் பஸ் தாக்குதலை நினைவூட்டும். நவாலின் சிறை வாழ்க்கைக்குப் பின்னால் தெற்கு லெபனானின் கியாம் சிறையில் பத்தாண்டு கிடந்த பெண் போராளி சுஹா பெஷாராவின் சாயல் இருக்கிறது.

அந்த பஸ் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முக்காடு போட்டு முஸ்லிம் பயணிகளோடு பயணம் செய்கிறாள் நவால். கிறிஸ்தவ ஆயுதக்காரர்கள் சுட்டு முடித்து பெட்ரோல் ஊற்றும்போது, கழற்றி வைத்திருந்த சிலுவையைக் காட்டித் தப்புகிறாள். பக்கத்திலிருந்த பெண்ணின் குழந்தையைத் தன் மகள் என்று சொல்லி வெளியே கொண்டுவந்தும் விடுகிறாள். ஆனால் அந்தக் குழந்தை தன் அம்மாவை நோக்கி ஓடுகிறது. பெரும்பாலும் பஸ்ஸுக்குள்ளேயே இருந்த கேமரா வெளியே வந்ததும் நமக்கு மூச்சு வரும் என்று பார்த்தால், வரவில்லை.

ஊர்க் காட்சியும் அதே அளவு நல்லது. டீயும் சிரிப்புமாக ழானைச் சூழ்ந்திருக்கும் பெண்களின் முகம், நவாலின் பெயரைக் கேட்டதும் மாறுகிறது. துப்பாக்கியே இல்லாத பயம் அது. ஒரு குடும்பம் எதையோ புதைத்து வைத்திருந்தால், ஊரும் சேர்ந்துதான் மண் தள்ளியிருக்கும்.

தாயின் காலமும் மகளின் காலமும் மாறி மாறி வருவதால், முதல் அரை மணி நேரத்தில் பலர் வழி தவறுகிறார்கள். இரண்டு நடிகைகளும் தூரத்தில் ஒரே சாயல். சிவப்பு எழுத்தில் வரும் அத்தியாயத் தலைப்புகளை விடாமல் படியுங்கள், இடமோ ஆளோ அதில் இருக்கும். இளம்பெண்ணிலிருந்து முதுமைவரை நவாலை ஒருவரே செய்திருக்கிறார், லுப்னா அசபால். பேசாமல் இருக்கும் இடங்களில்தான் அவர் நடிப்பு உச்சம்.

குறை உண்டு. வயதுக் கணக்கு போட்டால் இடிக்கும். நீச்சல் குளத்தில் நடப்பது மிகப் பெரிய தற்செயல். சிமோன் வந்தபிறகு, கண்டுபிடிக்க வேண்டியதை ஆட்கள் உட்கார்ந்து வாயால் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ரகசியத்தை வைத்து ஏமாற்றவில்லை: தொடக்கத்தில் தலை மழிக்கப்படும் சிறுவர்களில் ஒருவனின் குதிகாலில் மூன்று புள்ளிகள் நேராகவே காட்டப்படுகின்றன. போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும்.

கதைச்சுருக்கம் எங்கேயும் தேடாதீர்கள். சித்திரவதையும் பாலியல் வன்முறையும் கதையின் மையத்திலேயே இருக்கின்றன, அதனால் பிள்ளைகள் தூங்கியபின் போடுங்கள். முடிந்ததும் அந்த முதல் காட்சியை மட்டும் இன்னொரு முறை ஓட்டி, அந்தப் பையன் நம்மைப் பார்க்கும் பார்வையைப் பாருங்கள்.